பேரம் பேசாமல் வாங்கிய கூஜா

விஸ்வநாத்தின் புத்தித் தெளிவுக்கு என் கடையில் விலை நாற்பது ரூபாய். பத்து வருஷத்துக்கு மேலாக அந்த விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எவர்சில்வர் ஏறியிருக்கிறது, பித்தளை கண்மண் தெரியாமல் ஏறியிருக்கிறது, கடை வாடகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்த நாற்பது மட்டும் நாற்பதாகவே நிற்கிறது.

எந்தச் சாமானை எடுத்தாலும் அதைத் திருப்பிப் பார்த்து, அடியில் விரலால் ஒரு சுண்டு சுண்டி, "நாற்பது குறையுங்கோ அண்ணாச்சி" என்பார். இருநூறு ரூபாய்ச் சொம்புக்கும் நாற்பது, இரண்டாயிரம் ரூபாய்க் குக்கருக்கும் நாற்பது. எம்.எஸ்ஸி. படித்து, இண்டர், அதாவது பிளஸ் டூ, பிள்ளைகளுக்கு வீட்டில் பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறவர். சதவீதம் தெரியாதவர் இல்லை. ஆனாலும் நாற்பதுதான். அவர் தலை வாசலில் தெரிந்ததும் நான் விலையில் நாற்பதைக் கூட்டிச் சொல்வேன், அவர் குறைப்பார், நான் முனகுவேன், இரண்டு பேருக்கும் திருப்தி.

அவர் நாற்பது குறைக்கச் சொன்னால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். சொல்லாமல் பணத்தை எடுத்து நீட்டினால் நான் அவருடைய அக்கா வேதாம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும். அதுதான் ஏற்பாடு.

மாரெட்பள்ளியில் எங்கள் பாத்திரக் கடைக்கு எதிர்ச்சந்தில், இரண்டாவது மாடியில், அக்காவும் தம்பியும் குடியிருக்கிறார்கள். அப்பா லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் போர்மேனாக இருந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தஞ்சாவூர்க்காரர்கள். நாங்கள் விருதுநகர். என் அப்பா இந்த ஊருக்கு வந்து கடை போட்ட காலத்தில் அவருக்குத் தெலுங்கு தெரியாது, இந்தி தெரியாது, பேரம் தெரியும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் முதலில் பேசும் வார்த்தை 'கட்டாது' என்பதுதான் என்று அம்மா சொல்வாள். அப்படி வளர்ந்தவனுக்கு ஒரு மனிதர் பேரம் பேசாமல் வாங்குவது எத்தனை பெரிய விபரீதம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விபரீதத்தை நான் ஒரு தடவை நேரில் பார்த்தேன். ஒரு கார்த்திகை மாசம். விசு வந்தார், முப்பத்தாறு மூன்றடுக்கு டிபன் கேரியர் வேண்டும் என்றார். விலை கேட்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் முப்பத்தாறு பேர், ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர் வெட்ட வேண்டும். நான் இரண்டு நாள் மெஷினைப் பிடித்து உட்கார்ந்து வெட்டினேன். மல்லேஷ், நரசிம்முலு எல்லாம் தெலுங்கில் சுலபமாக வந்துவிட்டன. யூசுப் மட்டும் உருதுவில்தான் வேண்டும் என்று எழுதிக் காட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெஷினை வலமிருந்து இடமாக ஓட்டினேன். நல்ல வியாபாரம். மறைத்துப் பேசுவானேன், நல்ல லாபம்.

மூன்றாம் நாள் வேதாம்மா வந்தார். பாலாநகரில் விமானங்களுக்கு மின்னணுச் சாமான் செய்கிற அரசாங்கத் தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் பிரிவு. கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். சுவரில் என் போர்டைப் படித்தார்: 'பெயர் வெட்டிய பாத்திரம் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.' படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவனுக்கு ஒரு வியாதி அண்ணாச்சி. பைபோலார்ங்கறா. ஏறிடறது, இல்லேன்னா இறங்கிடறது. எங்க பில்டிங் லிப்ட் மாதிரின்னு வெச்சுக்கோங்கோ. நடு மாடில நிக்க வைக்கத்தான் மாத்திரை. ஏறினா தூக்கம் கிடையாது, கையில காசு நிக்காது. இறங்கினா சுவத்தைப் பார்த்துண்டு மாசக்கணக்கா படுத்துடுவான். அப்ப உங்க கடைக்கு வரமாட்டான். ஏறினா வருவான்."

"இப்ப எங்க இருக்காரு?"

"ஆஸ்பத்திரில." கைப்பையை மூடினார். "உங்க மேல தப்பு இல்லே. இனிமே அவன் இப்படி வந்து நின்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்கோ. பேர் வெட்டறதை மட்டும் ரெண்டு நாள் தள்ளிப் போடுங்கோ."

அன்றிலிருந்து விசு பேரம் பேசாமல் எதையாவது எடுத்து, பெயர் வெட்டச் சொன்னால் என் மெஷின் ரிப்பேர். அந்த ஏற்பாடு இரண்டு தடவை உதவியிருக்கிறது. கடைசி மூன்று வருஷமாக அதற்குத் தேவையே வரவில்லை. அவர் வந்தார், சுண்டினார், நாற்பது குறைத்தார், போனார். கேரியர்கள் இன்றைக்கும் ஆட்டோக்களில் தொங்குகின்றன.

இந்த மே மாசம் வேதாம்மா ரிடையர் ஆகிப் பத்து நாள் இருக்கும். காலையில் பதினோரு மணிக்குக் கடைக்கு வந்தார். அந்த நேரத்தில் அவரைத் தெருவில் பார்த்ததே புதிது. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. ஷட்டர் கம்பியைத் தொட்டால் கை பொத்துப்போகும். என் மனைவி புஷ்பா மோர் கொடுத்தாள்.

"மூடி போட்ட டப்பா ரெண்டு எடுங்கோ அண்ணாச்சி. புளியோதரை வெச்சுக்க. என்ன விலை?"

"முன்னூத்தி இருபது ஒண்ணு."

"இருநூறு."

"வேதாம்மா, இரும்பு விலைக்குக் கேக்கறீங்களே!"

"இரும்பு விலை எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் பர்ச்சேஸ் பில் பாஸ் பண்ணியிருக்கேன். இருநூத்திப் பத்து."

தம்பி நாற்பதோடு விட்டுவிடுவார். அக்கா கடையையே பாதி விலைக்குக் கேட்கிறவர். இருநூற்று எழுபதில் முடிந்தது. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"பதினெட்டாம் தேதி கிளம்பறோம். ஹரித்வார், ரிஷிகேஷ், பத்ரிநாத். பன்னண்டு நாள். ஆபீஸ்ல இருந்தவா ஆறு பேர் சேர்ந்து போறோம்."

புஷ்பாதான் கேட்டாள்: "தம்பியும் வாராகளா?"

"அவனுக்கு மலை ஒத்துக்காது. மாத்திரை சாப்பிடறவன், தண்ணி கொஞ்சம் குறைஞ்சாலும் ரத்தத்துல மருந்தோட அளவு ஏறிடும். இங்கேயே தண்ணி குடி தண்ணி குடின்னு நான் கத்திண்டே இருக்கணும். தனியாத்தான் இருக்கப்போறான். அவனே போயிட்டு வான்னு சொல்றான்." மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பா போனதுக்கப்புறம் ரெண்டு நாளுக்கு மேல நான் வெளியூர்ல தங்கினதில்லே. ரெண்டு ஜாதகம் பொருந்தி வந்து, தம்பி என்ன பண்றார்னு கேட்டு, அப்படியே திரும்பிப் போயிடுத்து. அதுக்கெல்லாம் நான் வருத்தப்படலே. இது ஒண்ணு எனக்குன்னு கேட்டிருக்கேன். இந்த வருஷம் போகலேன்னா அடுத்த வருஷம் முட்டி விடாது."

"போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க பார்க்கவேண்டாம். அவன் பேரம் பேசறானான்னு மட்டும் கேளுங்கோ."

பதினான்காம் தேதி மதியம் விசு வந்தார். வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைக்குள் வந்து நின்று, கீழ்த் தட்டில் எதையும் பார்க்காமல் நேரே மேலே பார்த்தார்.

"அண்ணாச்சி, அது என்ன? கூஜாவா?"

மேல் தட்டின் மூலையில் அது ஏழு வருஷமாக இருக்கிறது. இரண்டு லிட்டர் பிடிக்கும், திருகு மூடி, பிடியில் பூவேலை. ஒரு கல்யாண ஆர்டருக்கு வந்து நின்றுபோனது. இப்போது யார் கூஜா தூக்குகிறார்கள்? ஸ்டேஷனில் இருபது ரூபாய்க்குத் தண்ணீர் பாட்டில் கிடைக்கிறது. பாதி விலைக்குக் கேட்கிறவர்கள்கூட அதன் விலையைக் கேட்டதில்லை. ஏணி போட்டு இறக்கித் துடைத்தேன். பழக்கதோஷத்தில் நாற்பதைக் கூட்டினேன்.

"ஆயிரத்து நானூத்தித் தொண்ணூறு."

சுண்டவில்லை. மூடியைத் திருகித் திறந்து உள்ளே பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். சிரித்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து வைத்தார்.

"பத்து ரூபா நக்கோ, வேண்டாம். நீங்களே வெச்சுக்கோங்கோ. 'வேதா'ன்னு பேர் வெட்டணும்."

நோட்டைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். செத்த சரக்கு சொன்ன விலைக்கு மேல் பத்து ரூபாய் கூடுதலாகப் போகிறது. எந்த வியாபாரியும் சாமிக்குச் சூடம் கொளுத்த வேண்டிய நேரம்.

"மெஷின் ரிப்பேரா இருக்குதே சாமி" என்றேன்.

அவர் மெஷினைப் பார்த்தார். அது பக்கத்திலேயே, காலையில் வெட்டிய தூள்கூடத் துடைக்காமல் இருந்தது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "ஹவ், அப்படியா? சரி. சரியானதும் வெட்டி வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

நான் போனை எடுத்ததும் புஷ்பா கையைப் பிடித்தாள்.

"விடுங்க. பாவம், மனுசன் சந்தோசமா இருக்காரு."

"சந்தோசமா இருக்காருன்னுதான் பண்ணணும்" என்றேன்.

வேதாம்மா மூன்று கேள்வி கேட்டார். பேரம் பேசினானா? செருப்பு போட்டிருந்தானா? பேசும்போது வார்த்தை ஒன்றின் மேல் ஒன்று ஏறியதா? முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம் என்றேன். மூன்றாவதற்கு, அவர் அதிகம் பேசவே இல்லை என்றேன். அந்தப் பக்கம் மிக்ஸியை நிறுத்தினார். பிறகு, "பணத்தை எடுத்துண்டு சாயந்தரம் ஆத்துக்கு வாங்கோ அண்ணாச்சி" என்றார்.

சாயங்காலம் காற்று கிளம்பி, மின்சாரக் கம்பியெல்லாம் ஆடி, கல்மழை போல் பத்து நிமிஷம் கொட்டிவிட்டு நின்றது. அந்தப் பத்து நிமிஷத்துக்கே தெருவில் முழங்கால் தண்ணீர். அவர் கொடுத்த பணத்தைப் பையில் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறினேன். மேஜை மேல் ஆவக்காய்க்கு நறுக்கிய மாங்காய்த் துண்டுகள் வெள்ளைத் துணியில் பரப்பியிருந்தன, மின்விசிறிக்கடியில். திவானில் ஒரு பெட்டி திறந்திருந்தது. இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லாய் வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஜன்னலோரம் விசு சிவப்புப் பேனாவோடு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இருக்கும் அந்த மெல்லிய நடுக்கம் பேனாவில் தெரிந்தது.

"வாங்கோ அண்ணாச்சி. தடயத்தையும் கொண்டு வந்துட்டேளா?" என்றார் தலை தூக்காமல்.

"விசு, சும்மா இரு."

"சும்மாத்தான் இருக்கேன். சும்மா இருந்தா இறங்கிட்டேங்கறே, பேசினா ஏறிட்டேங்கறே. எந்த மாடில நிக்கணும்னு சொல்லு, நின்னுக்கறேன்."

வேதாம்மா எனக்கு ஒரு தட்டில் ரவா உப்புமாவும் மாங்காய்த் துண்டும் வைத்துக் கொடுத்தார். இந்த வீட்டில் சண்டை நடந்தாலும் தட்டு வந்துவிடும்.

"நேத்திக்கு எத்தனை மணி வரைக்கும் உன் ரூம்ல லைட் எரிஞ்சுது?"

"பேப்பர் திருத்தினேன். எம்செட் பசங்க, இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு எழுதறவா. அவாளுக்கு இது கடைசி டெஸ்ட்."

"போன தடவையும் ஏதோ எழுதிண்டுதான் இருந்தே."

"போன தடவை ரயில்வே போர்டுக்கு லெட்டர் எழுதினேன். லாலாகுடாலேர்ந்து நேரா பத்ரிநாத்துக்கு லைன் போடச் சொல்லி, மேப்போட. இது நியூட்டன் விதி. வித்தியாசம் தெரியலையா?"

"எனக்கு ரெண்டும் ஒரே கையெழுத்துதான்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. உப்புமாவைப் பார்த்துச் சமாளித்தேன்.

"ஒரு கூஜா வாங்கினேன்க்கா. ஒண்ணே ஒண்ணு. முப்பத்தாறு இல்லே."

"பேரம் பேசலையே நீ."

"உனக்கு வாங்கற சாமானுக்கு என்னத்தைப் பேரம் பேசறது?"

"இத்தனை வருஷமா எனக்குன்னு வாங்கினதுக்கெல்லாம் பேசினியே? போன தீபாவளிக்கு குக்கர் வாங்கிண்டு வந்து, நாற்பது குறைச்சேன்னு பீத்திண்டியே?"

விசு பேனாவை மூடினார். நியாயமான கேள்விதான்.

"கிருஷ்ணபிரசாத்துக்குப் போன் பண்ணிட்டேன்" என்றார் வேதாம்மா, ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே. கிருஷ்ணபிரசாத் அந்த யாத்திரை நடத்துகிற ஆள். "வரலைன்னுட்டேன்."

விசு விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார்.

"கான்சல் பண்ணிட்டியா?"

"பின்ன?"

"என்னைக் கேக்காமலா?"

"உன்னைக் கேட்டா போயிட்டு வாம்பே. நன்னா இருந்தாலும் அதான் சொல்லுவே, ஏறியிருந்தாலும் அதான் சொல்லுவே. நான் எதை வெச்சுடா கண்டுபிடிக்கறது?" குரல் உயரவில்லை. ஆபீஸில் ஒரு பில்லைத் திருப்பி அனுப்புகிற குரல்தான். "உன் சிரிப்பைப் பார்த்தா பயமா இருக்கு எனக்கு. தம்பி சிரிச்சா சந்தோஷப்படற அக்காவாத்தான் நானும் பொறந்தேன்."

விசு எழுந்து வந்து முழுக்கைச் சட்டையை மடித்து, அக்காவுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"இதை வெச்சுக் கண்டுபிடி. நாளைக்குக் காலைல ரத்தம் குடுக்கறேன். டாக்டரையும் பார்க்கலாம். நீயும் கூட வா. அண்ணாச்சி, நீங்க பணத்தைத் திருப்பித் தராதேள். கூஜா கடைலயே இருக்கட்டும்."

நான் எடுத்துப்போன பணம் அப்படியே என் பையில் திரும்பி வந்தது. இறங்கும்போது படியில் நின்று எண்ணிப் பார்த்தேன். வியாபாரி வீட்டுப் பழக்கம்.

மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். அதற்கு மறுநாள் முடிவு வந்தது. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று ரத்தம் சொன்னது. மீதியை டாக்டர் அரை மணி நேரம் அவரோடு பேசிப் பார்த்துச் சொன்னார்: ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, பரீட்சைக் காலம், தூக்கம் கொஞ்சம் குறைச்சல், அதை மட்டும் சரி செய்யட்டும். வேதாம்மா விடவில்லையாம். "அப்ப ஏன் டாக்டர் அவன் பேரம் பேசலை?" என்று கேட்டாராம். "அம்மா, அது என் சப்ஜெக்ட் இல்லை. கடைக்காரரைக் கேளுங்க" என்றாராம் டாக்டர்.

அக்காவும் தம்பியும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்துதான் இதைச் சொன்னார்கள். வேதாம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. "நன்னா இருக்கான். அதுதான் வேணும். யாத்திரை போனாப் போறது" என்றார். விசு, கடையில் அடுக்கியிருந்த தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. இரக்கம் என்று சொல்ல மாட்டேன். முழுப் பணம் கட்டிய சீட்டை ஒருத்தர் சும்மா விட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குப் பழக்கமில்லை. கிருஷ்ணபிரசாத்தின் எண்ணை வாங்கிப் போட்டேன்.

"சீட்டு போயிந்தி அன்னா" என்றான் எடுத்த எடுப்பில். போய்விட்டதாம்.

"யாருக்குப் போச்சு? பேர் சொல்லு."

பேர் வரவில்லை. பிறகு மெல்ல, சீட்டு இருக்கிறது, ஆனால் மறுபடி பதிவு செய்ய ஐயாயிரம் ஆகும் என்றான். கட்டாது என்றேன். மூவாயிரம் என்றான். தெலுங்கிலும் இந்தியிலும் தமிழிலும் மாறி மாறிக் கட்டாது என்றேன். யாத்திரைக்குச் சமைக்கப் பாத்திரம் எங்கே வாங்குகிறாய் என்று விசாரித்தேன். அவன் வாங்கும் விலையைக் கேட்டுவிட்டு, "ஐயோ, உன்னை மொட்டையடிச்சிருக்கான்" என்று நெஞ்சார வருத்தப்பட்டேன். கடைசியில் எண்ணூறு ரூபாய்க்கும், இரண்டு இட்லிக் கொப்பரையை அசல் விலைக்குத் தருவதாக நான் கொடுத்த வாக்குக்கும், வேதாம்மாவின் சீட் திரும்பி வந்தது.

"எண்ணூறா? ஐந்நூறுக்கு முடிச்சிருக்கலாமே அண்ணாச்சி" என்றார் வேதாம்மா. பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் விசு தனியாக வந்தார்.

"பேரம் பேச வந்திருக்கேன்."

"வித்த சாமானுக்கா?"

"ஹவ், ஆமா. அன்னிக்கு விட்டுப்போச்சு. நாற்பது குறையுங்கோ."

நியாயமாகப் பார்த்தால் அந்த நாற்பது நானே கூட்டியது. இரண்டு இருபது ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாங்கி, மடித்து, மறுபடி என் பக்கமே தள்ளினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். அட்வான்ஸ்."

"எதுக்கு?"

"மெஷின் ரிப்பேர்னு சொன்னேளே, அப்பவே தெரியும் எனக்கு. எத்தனையோ வருஷமா அது எனக்கு மட்டும்தானே ரிப்பேராறது. நான் படி இறங்கறதுக்குள்ள நீங்க போனை எடுத்திருப்பேள். தப்பு இல்லே. அந்த போன் இல்லேன்னா நான் எங்க இருந்திருப்பேனோ." மெஷினின் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "ஆனா ஒரு நாள் எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருக்கும் அண்ணாச்சி. எல்லாருக்கும் வராப்பல. அன்னிக்கு வந்து ஒரு சாமான் எடுத்து, பேரம் பேசாம பணத்தை வெச்சுட்டுப் போவேன். நீங்க போனைத் தொடப்படாது. ஒரே ஒரு தடவை. அதுக்குத்தான் இந்த நாற்பது."

"அது நெசமான சந்தோசமா, இல்ல மத்ததான்னு எனக்கு எப்படித் தெரியும் சாமி?"

"எனக்கே தெரியாது. தெரிஞ்சா நாலாயிரம் குடுப்பேனே, எதுக்கு நாற்பதோட நிக்கறேன்?"

நான் நோட்டுகளைக் கல்லாவில் தனியாகப் போட்டேன். கூஜாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மெஷினைப் போட்டேன். 'வேதா' என்று வெட்டினேன்.

"பக்கத்துல 'தண்ணி குடி'ன்னும் வெட்டுங்கோ."

"பேரு மட்டுந்தான் இலவசம். மத்ததுக்கு எழுத்துக்கு அஞ்சு ரூபா. இருபத்தஞ்சு ஆகும்."

"நாற்பது குறையுங்கோ."

"இருபத்தஞ்சுல நாற்பது குறைச்சா நாந்தான் உங்களுக்குக் குடுக்கணும்."

"குடுங்கோ, பதினஞ்சு" என்று கையை நீட்டினார். அன்றைக்கு நான் மனசாரத் தோற்ற பேரம் அது. வெட்டுக்கூலி வாங்கவில்லை.

வேதாம்மா கூஜாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாராம். இந்தக் காலத்தில் இதை யார் தூக்குவது என்றாராம். மறுநாள் ஆட்டோவில் ஏறும்போது பெட்டி காலடியில் இருந்தது, கூஜா மடியில் இருந்தது. ஓட்டியது யூசுப்; அவருடைய டிபன் கேரியர் ஹாண்டிலில் தொங்கியது.

அன்று சாயங்காலமே விசு கடைக்கு வந்தார். கீழ்த் தட்டில் கையை விட்டு ஒரு சின்னக் கரண்டியை எடுத்தார். இருபது ரூபாய்க் கரண்டி. அறுபது என்றேன். நாற்பது குறைத்தார். போனார். நான் வேதாம்மாவுக்குப் போன் செய்து, "குறைச்சிட்டாரு" என்றேன். மறுநாளும் வந்தார், ஒரு கரண்டி. அதற்கு மறுநாளும். நான் அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்த மனிதர் தினமும் கடைக்கு வந்து பேரம் பேசினார். "தினம் ஒரு கரண்டி வச்சு என்ன பண்ணுவாரு, ஓட்டலா வைக்கப்போறாரு?" என்றாள் புஷ்பா.

ரிஷிகேஷிலிருந்து வேதாம்மா பேசினார். "தண்ணி ஐஸ் மாதிரி ஓடறது அண்ணாச்சி. கூஜா கனம் தாங்கலை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறா. சிரிச்சுட்டு எல்லாரும் அதுலேர்ந்துதான் குடிக்கறா. அவன் இன்னிக்கு வந்தானா?"

"வந்தாரு. குறைச்சாரு."

அவர் ஊர் திரும்ப மூன்று நாள் இருக்கும்போது எம்செட் முடிவு வந்தது. விசுவிடம் படித்த பையன் ஒருவன், லாலாகுடாவில் பிட்டர் வேலை பார்ப்பவர் மகன், முதல் நூறுக்குள் வந்திருந்தான். தெருவெல்லாம் பேச்சு. சாயங்காலம் விசு வந்தபோது கையில் மைசூர்பாகு டப்பா; புஷ்பாவுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. முகம் அப்படி ஒரு பிரகாசம். அன்றைக்குக் கூஜாவைப் பார்த்தபோது இருந்த அதே சிரிப்பு. கரண்டியை எடுத்தார்.

"அறுபது" என்றேன்.

வாயைத் திறந்தார். திறந்தபடி நின்றார். கல்லாவின் மேல் இருந்த என் போனைப் பார்த்தார். நான் அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். என்னுடைய முப்பது வருஷ வியாபாரத்தில், ஒரு சாமானை முழு விலைக்கு எடுத்துக்கொண்டு போகும்படி நான் யாரையும் மனசுக்குள் அவ்வளவு கெஞ்சிப் பார்த்ததில்லை.

அவர் கரண்டியைத் திருப்பினார். அடியில் ஒரு சுண்டு சுண்டினார்.

"நாற்பது குறையுங்கோ அண்ணாச்சி" என்றார்.

குறைத்தேன். இருபது ரூபாயை வைத்துவிட்டு, கரண்டியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார். நான் போனைத் திருப்பி வைத்து வேதாம்மாவுக்குச் சொன்னேன்.

வேதாம்மா ஊர் வந்து சேர்ந்துவிட்டார். கூஜாவில் ஒரு இடத்தில் ஒடுக்கு விழுந்திருக்கிறது. தட்டிக் கொடுக்கச் சொல்லி, அதற்கும் பேரம் பேசிவிட்டுப் போனார். கணக்கு இதுதான்: கரண்டி பன்னிரண்டு, ஒன்று இருபது வீதம், வரவு இருநூற்று நாற்பது. கூஜா தீர்ந்தது. வெட்டுக்கூலி தள்ளுபடி. விஸ்வநாத் பெயரில் முன்பணம் ரூபாய் நாற்பது; சரக்கு இன்னும் எடுக்கவில்லை.